சர்வர் மாற்றிய பிறகு பழைய பதிவுகள் கிறுக்கல், புதிய பதிவுகள் கேள்விக்குறி (பிஎச்பி, மைஎஸ்கியூஎல்)

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். ஒரு சிற்றிதழின் இணையதளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். 2009-இல் ஒருவர் எழுதிக் கொடுத்த பிஎச்பி மொழி நிரல், அடியில் பதிவுகளைச் சேமிக்க மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். கதை, கட்டுரை, வாசகர் கடிதம் எல்லாமே தமிழ். அண்மையில் பழைய ஹோஸ்டிங்கை விட்டுப் புதிய இடத்துக்கு மாறினோம். அங்கே மைஎஸ்கியூஎல் 5.5, இங்கே 8.0. பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் அவற்றை எல்லாம் அவற்றின் புதிய வடிவமான மைஎஸ்கியூஎல்ஐ-க்கு மாற்றினேன். நிரலில் வேறு எதையும் தொடவில்லை.

இப்போது பழைய கதைகளைத் திறந்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், இப்படியே பக்கம் முழுக்க. மாறிய பிறகு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களோ வெறும் கேள்விக்குறிகள். ஒரே டேட்டாபேஸில் இரண்டு விதமான கோளாறு எப்படி வரும் என்று புரியவில்லை. ‘ஆல்டர் டேபிள், கன்வர்ட் டு யூடிஎஃப்8எம்பி4’ என்று, எல்லா மொழி எழுத்தும் அடங்கும் குறியாக்கத்துக்கு மாற்றும் ஒரு கட்டளை கொடுத்தால் போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். கொடுக்கலாமா? பேக்கப் இருக்கிறது.

—

சுண்டல்_பொட்டலம் எழுதியது:

முதலில் பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா கேர்செட் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். அது இருந்தும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில் ‘ஆட்டிஃபால்ட்கேர்செட் ஐஎஸ்ஓ-8859-1’ என்று போட்டிருந்தால் பிரவுசர் சர்வர் சொல்வதைத்தான் கேட்கும், மெட்டாவை மதிக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தளத்தில் அதுதான் நடந்தது.

—

பனையோலை எழுதியது:

காவிரிக்கரை, அந்தக் கன்வர்ட் கட்டளையைத் தயவுசெய்து இப்போது கொடுக்க வேண்டாம். உங்கள் நிலைமையில் அது இருப்பதையும் சிக்கலாக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சுண்டல் சொன்னதைச் சோதிக்க எளிய வழி உண்டு. உங்கள் தளத்தின் மேல் பட்டியில் ‘முகப்பு’, ‘கதைகள்’ போன்ற சொற்கள் டெம்ப்ளேட்டிலேயே தமிழில் எழுதப்பட்டிருக்கும் இல்லையா? அவை சரியாகத் தெரிந்தால் சர்வரிலிருந்து பிரவுசர் வரை வழி சரி. கோளாறு டேட்டாபேஸ் பக்கம்தான்.

அப்புறம், திரையில் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உள்ளே என்ன பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலமே கலக்காத, இடைவெளியும் இல்லாத ஒரு பழைய தலைப்பையும், கேள்விக்குறியாக வந்த ஒரு புதிய தலைப்பையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் லெங்த், கேர்_லெங்த் என்ற இரண்டு அளவையும் எடுத்து இங்கே போடுங்கள். முதலாவது பைட் கணக்கு, இரண்டாவது எழுத்துக் கணக்கு. கூடவே ‘ஷோ கிரியேட் டேபிள்’ கொடுத்தால் என்ன கேரக்டர் செட் (எழுத்துக் குறியாக்கம், சுருக்கமாகக் கேர்செட்) வருகிறது என்றும் சொல்லுங்கள்.

—

காவிரிக்கரை எழுதியது:

மேல் பட்டி சரியாகத்தான் தெரிகிறது அண்ணா.

டேபிளில் டிஃபால்ட் கேர்செட் லத்தீன்1 என்று இருக்கிறது. ‘தமிழ்’ என்று ஒற்றைச் சொல்லில் ஒரு பழைய தலைப்பு கிடைத்தது. அதற்கு லெங்த் 15, கேர்_லெங்த்தும் 15. அதே சொல்லைப் புதிதாக ஒரு சோதனைப் பதிவாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் 5.

—

பனையோலை எழுதியது:

அருமை. இந்த நான்கு எண்களிலேயே முழுக் கதையும் இருக்கிறது.

யூனிகோடில் தமிழின் இடம் 2944 முதல் 3071 வரை. யூடிஎஃப்-8-இல் இந்த வரிசையின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் மாறும். ‘த’ என்றால் 224, 174, 164. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட்.

சரியான ஃபீல்டில் சரியாகப் பதிவாகியிருந்தால் லெங்த் 15, கேர்_லெங்த் 5 என்று வர வேண்டும். உங்கள் பழைய பதிவில் இரண்டும் 15. அதாவது பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் மைஎஸ்கியூஎல் அவற்றை 15 லத்தீன் எழுத்துகள் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. 224-க்குத்தான் அந்தக் கோடு போட்ட ஏ, 174-க்கு வட்டத்துக்குள் ஆர்.

பழைய சர்வரில் எப்படிச் சரியாகத் தெரிந்தது? மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்தது. 8.0 வரும் வரை அதன் டிஃபால்ட், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1, எழுத்துகளை அடுக்கும் வரிசை முறைகூட ஸ்வீடிஷ்தான். உங்கள் நிரல் கனெக்‌ஷனின் கேர்செட் என்ன என்று சொல்லவே இல்லை, அதனால் கனெக்‌ஷனும் லத்தீன்1, டேபிளும் லத்தீன்1. இரண்டும் ஒன்று என்பதால் மைஎஸ்கியூஎல் எதையும் மாற்றவில்லை, வந்த பைட்டை அப்படியே வாங்கி அப்படியே திருப்பித் தந்தது. தமிழ் இணையத்தில் 2005 முதல் 2015 வரை எழுந்த தளங்களில் நிறைய இப்படித்தான் ஓடின. நன்றாக ஓடுகிறதே என்று யாருக்கும் சந்தேகம் வராது.

2018-இல் வந்த 8.0-இல் டிஃபால்ட் யூடிஎஃப்8எம்பி4. பிஎச்பி நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சர்வர் அறிவிக்கும் கேர்செட்டையே எடுத்துக்கொள்ளும். ஆகவே இப்போது கனெக்‌ஷன் யூடிஎஃப்8எம்பி4, ஆனால் டம்பிலிருந்து (இடம் மாற்ற எடுத்த டேட்டாபேஸ் நகல் கோப்பு) வந்த டேபிள் இன்னும் லத்தீன்1. படிக்கும்போது மைஎஸ்கியூஎல் அந்த 15 ‘லத்தீன் எழுத்துகளையும்’ அக்கறையாக யூடிஎஃப்-8 ஆக்கிக் கொடுக்கிறது. அதுதான் கிறுக்கல். எழுதும்போது ‘த’ என்ற எழுத்து லத்தீன்1-இல் இல்லையே என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி வைக்கிறது. அதுதான் 5, 5.

கிறுக்கல் என்பது பார்வைக் கோளாறு. தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேள்விக்குறி அப்படி அல்ல. அங்கே ‘தமிழ்’ இருந்த இடத்தில் உண்மையிலேயே ஐந்து கேள்விக்குறிகள்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன, எந்தக் கட்டளையாலும் திரும்பாது. ஒவ்வொரு மணி நேரமும் இன்னும் கடிதங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே முதல் வேலை அதை நிறுத்துவது. கனெக்‌ஷன் எடுத்த அடுத்த வரியிலேயே செட்_கேர்செட் என்பதில் லத்தீன்1 கொடுங்கள். நிரந்தரத் தீர்வு அல்ல. ஆனால் தளம் உடனே பழைய நிலைக்கு வந்துவிடும், புதிய பதிவுகளும் பழைய முறையில் பத்திரமாகச் சேரும். அப்புறம் நிதானமாகச் சரிசெய்யலாம்.

இன்னொன்று. ஸ்டிரிக்ட் மோடு (பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் அமைப்பு) இயங்கியிருந்தால் அந்தக் கடிதங்கள் சேமிப்பாகாமல் 1366 என்ற பிழை வந்திருக்கும், அன்றே தெரிந்திருக்கும். உங்கள் ஹோஸ்டிங்கில் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இந்த வேலை முடிந்ததும் இயக்கச் சொல்லுங்கள்.

—

காவிரிக்கரை எழுதியது:

போட்டேன். எல்லாக் கதைகளும் திரும்பி வந்துவிட்டன! ஆசிரியரிடம் போன் செய்து சொன்னேன், பெரிய நிம்மதி அவருக்கு.

கேள்விக்குறியாகப் போன கடிதங்களுக்கு உண்மையிலேயே வழி இல்லையா? சிலர் கையால் எழுதி, பேரப்பிள்ளைகளைக் கொண்டு தட்டச்சு செய்து அனுப்பும் பெரியவர்கள். திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்பது கஷ்டம்.

—

வடமராட்சி எழுதியது:

கடிதம் வந்ததும் ஆசிரியருக்கு ஈமெயிலில் ஒரு பிரதி போகிறதா? பழைய தளங்களில் பெரும்பாலும் அப்படி ஒரு வசதி வைத்திருப்பார்கள். அந்த ஈமெயில் டேட்டாபேஸைத் தொடாமல் படிவத்திலிருந்து நேரே போயிருந்தால் அதில் தமிழ் முழுமையாக இருக்கும்.

பின்லாக் (நடந்த மாற்றங்களை மைஎஸ்கியூஎல் எழுதி வைக்கும் பதிவேடு) பற்றி யாராவது சொல்வார்கள். 8.0-இல் அது டிஃபால்ட்டாக டேபிளின் வரிசைகளாகவே (ரோ) பதிவாகிறது. அதாவது வந்த கட்டளை அதில் இருக்காது, சேமிப்பான கேள்விக்குறிகள்தான் இருக்கும். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

—

காவிரிக்கரை எழுதியது:

போகிறது! ஆசிரியரின் பெட்டியில் எல்லாக் கடிதமும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறேன். மிக்க நன்றி.

—

இரவுப்பறவை எழுதியது:

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கனெக்‌ஷனை யூடிஎஃப்8எம்பி4 ஆகவே விட்டுவிட்டு, டேட்டாபேஸிலிருந்து வரும் பதிவை பிஎச்பியில் யூடிஎஃப்8_டீகோட் என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்பினால் போதும். ‘தமிழ்’ என்ற சொல்லை வைத்துச் சோதித்துவிட்டேன், சரியாக வருகிறது.

—

வடமராட்சி எழுதியது:

இரவுப்பறவை, ‘தமிழ்’ வரும். ‘அக்கா’ என்று போட்டுப் பாருங்கள், வராது.

காரணம் இது. மைஎஸ்கியூஎல் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸின் 1252 குறியாக்கம். பிஎச்பியின் அந்த ஃபங்ஷனுக்குத் தெரிந்ததோ சுத்தமான ஐஎஸ்ஓ-8859-1. 160-க்கு மேல் இரண்டும் ஒன்று. 128 முதல் 159 வரைதான் வேறுபாடு. அந்த இடத்தில் 1252-இல் யூரோ குறி, வளைந்த மேற்கோள், நீள்கோடு போன்றவை இருக்கின்றன. அவற்றை டீகோட் செய்யத் தெரியாமல் அந்த ஃபங்ஷன் கேள்விக்குறி போட்டுவிடும்.

இப்போது தமிழின் மூன்றாவது பைட்டைப் பாருங்கள். த 164, ந 168, ப 170, ம 174, ர 176, ல 178, ழ 180, வ 181. எல்லாம் 160-க்கு மேல், தப்பித்துவிடும். அ 133, ஆ 134, க 149, ச 154, ட 159. இவை மாட்டிக்கொள்ளும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, ஈகாரக் குறி எல்லாமும் மாட்டும். புள்ளி 141, உகரக் குறி 129. இவை இரண்டும் 1252-இல் ஒதுக்கப்படாத இடங்கள் என்பதால் தற்செயலாகத் தப்பிக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லில் வரும் ஐந்து குறிகளும் தப்பிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆளாளுக்கு அந்தச் சொல்லை வைத்தே சோதிப்பதால் கோளாறு தெரிவதே இல்லை. குறியாக்கச் சோதனைக்கு உயிர் பன்னிரண்டும், மெய் பதினெட்டும், எல்லாக் கொம்பும் காலும் வருகிற ஒரு பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஃபங்ஷன் பிஎச்பி 8.2-இலிருந்து கைவிடப்பட்ட பட்டியலில் இருக்கிறது. புதிதாக அதன்மேல் எதையும் கட்டாதீர்கள்.

—

இரவுப்பறவை எழுதியது:

சோதித்தேன். ‘அக்கா’வில் புள்ளியும் காலும் மட்டும்தான் மிஞ்சுகின்றன. சரி, விளக்கத்துக்கு நன்றி.

அப்படியென்றால் டம்ப் எடுத்து, அந்தக் கோப்பில் லத்தீன்1 என்று வரும் இடமெல்லாம் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றித் திரும்ப ஏற்றினால்?

—

பனையோலை எழுதியது:

அதிலும் பொறி இருக்கிறது. மைஎஸ்கியூஎல்டம்ப் தானாகவே யூடிஎஃப்-8 கனெக்‌ஷனில்தான் எடுக்கும். டேபிள் லத்தீன்1 என்பதால் எடுக்கும்போதே ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக நினைத்து மாற்றிவிடும். கோப்பைத் திறந்தாலே கிறுக்கல்தான் இருக்கும். கோப்பைத் தொடாமல் ஏற்றினால் மறுபடி லத்தீன்1-க்குத் திரும்பிச் சரியாகிவிடும், காவிரிக்கரைக்கு இடம் மாறும்போது நடந்தது அதுதான். நடுவில் சொல்லை மாற்றிவிட்டால் கிறுக்கலே நிரந்தரமாகப் பதிந்துவிடும். இரட்டைக் குறியாக்கம் என்பது இதுதான். அப்போது ‘தமிழ்’ என்பதற்கு லெங்த் 30, கேர்_லெங்த் 15 என்று வரும். நேரடியாகக் கன்வர்ட் டு கொடுத்தாலும் இதே கதி. ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றது இதனால்தான். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், மைஎஸ்கியூஎல்லுக்குள்ளேயே லத்தீன்1-க்கு மாற்றி, பைனரி ஆக்கி, அதை யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்கச் சொன்னால் மீளும். பிஎச்பி போலன்றி மைஎஸ்கியூஎல்லுக்கு அந்த 128-159 பகுதியும் தெரியும்.

காவிரிக்கரைக்கு முறையான வழி: டேபிளின் பிரதி ஒன்றை எடுத்து அதில் முதலில் செய்யுங்கள். ஒவ்வொரு தமிழ் ஃபீல்டையும் முதலில் பைனரி வகைக்கு மாற்றுங்கள். வார்கேர் என்றால் வார்பைனரி, டெக்ஸ்ட் என்றால் பிளாப். இந்த மாற்றத்தில் மைஎஸ்கியூஎல் ‘இது எழுத்து’ என்ற எண்ணத்தையே விட்டுவிடும், பைட்டுகள் அப்படியே நிற்கும். அப்புறம் அதே ஃபீல்டைப் பழைய வகைக்கே, யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லித் திருப்புங்கள். பைட் ஒன்றுகூட மாறாது, அதற்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் மாறும். கடைசியாக நிரலில் செட்_கேர்செட்டை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். டேபிளை மாற்றுவதும் நிரலை மாற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அந்த நேரம் தளத்தை மூடி வையுங்கள்.

வெறும் ‘யூடிஎஃப்8’ என்று மட்டும் போடாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் அது மூன்று பைட் வரைதான் தாங்கும். நம் எழுத்துகளுக்கு மூன்று போதும், ஆனால் வாசகர் கடிதத்தில் ஓர் எமோஜி வைத்தால் அது நான்கு பைட். ஸ்டிரிக்ட் மோடு இல்லாத இடத்தில் எமோஜியிலிருந்து கடிதத்தின் மிச்சம் முழுக்க வெட்டப்பட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். தமிழுக்கே கூட, 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த பழைய பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். கல்வெட்டு, கணக்குச் சுவடி பற்றி யாராவது கட்டுரை எழுதினால் தேவைப்படும்.

—

காவிரிக்கரை எழுதியது:

பிரதியில் செய்து பார்த்தேன். கதை உள்ளடக்கம் எல்லாம் சரியாக மாறிவிட்டது. ஆனால் தலைப்பு ஃபீல்டில் ‘இன்கரெக்ட் ஸ்டிரிங் வேல்யூ’ என்று எச்சரிக்கை வருகிறது. தலைப்பு வார்கேர் 255.

—

பனையோலை எழுதியது:

அந்த 255-தான் காரணமாக இருக்கும். லத்தீன்1-இல் 255 எழுத்து என்றால் 255 பைட், அதாவது தமிழில் 85 குறிகள்தான். அதற்கு மேல் நீண்ட தலைப்புகளைப் பழைய சர்வர் சத்தமில்லாமல் வெட்டியிருக்கும். 255 மூன்றால் வகுபடும் எண் என்பதால் முழுக்கத் தமிழே இருந்தால் வெட்டு எழுத்தின் எல்லையில் விழும். நடுவில் ஒரு பைட் இடைவெளிகள் வருவதால் கணக்கு நகர்ந்து, சில தலைப்புகள் ஓர் எழுத்தின் நடுவே அறுபட்டிருக்கும். அந்த அரைகுறை எழுத்தைத்தான் யூடிஎஃப்8எம்பி4 ஏற்க மறுக்கிறது.

லெங்த் 255 உள்ள வரிசைகளை மட்டும் எடுத்து, பிஎச்பியில் எம்பி_செக்_என்கோடிங் வைத்து எவை பழுது என்று பாருங்கள். அவற்றின் கடைசி ஓரிரு பைட்டை நீக்கினால் மாற்றம் நடக்கும். ஆனால் அச்சு இதழ் கையில் இருக்கிறது இல்லையா, அதைப் பார்த்து முழுத் தலைப்பையே போட்டுவிடுங்கள். மாறிய பிறகு 255 குறிகளுக்கும் முழுதாக இடம் உண்டு.

ஒருவேளை 1071 என்று, கீ நீளம் 767 பைட்டைத் தாண்டுகிறது என்ற பிழை வந்தால், டேபிளின் ரோ ஃபார்மேட் பழைய ‘காம்பாக்ட்’ ஆக இருக்கும். ‘டைனமிக்’ என்று மாற்றினால் 3072 வரை போகலாம். 191 என்று சுருக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறையக் கிடைக்கும். நான்கால் பெருக்கினால் 764, அந்தக் கணக்கில் சொன்னது. 8.0-இல் அது தேவையில்லை.

—

காவிரிக்கரை எழுதியது:

எல்லாம் மாறிவிட்டது! தலைப்புகளை ஆசிரியரே இதழ்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்தார். இப்போது ‘தமிழ்’ 15, 5. ‘அக்கா’வும் 15, 5.

மிச்சம் இரண்டு இருக்கின்றன. முகப்பில் ‘மேலும் ஏற்று’ பொத்தானை அழுத்தினால் சில நேரம் ஒன்றுமே வருவதில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அப்புறம், தேடலில் ‘ஸ்ரீ’ என்று போட்டால் சில கதைகள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணுக்கு ஒரே எழுத்துதான்.

—

வடமராட்சி எழுதியது:

முதலாவதற்கு, முன்னோட்ட வரியை சப்ஸ்டர் என்ற ஃபங்ஷன் வைத்து வெட்டுகிறீர்களா? அது பைட் கணக்கில் வெட்டும். ஓர் எழுத்தின் நடுவே விழுந்தால் தரவைப் பிரவுசருக்கு அனுப்பும் வடிவமாக்கும் பிஎச்பியின் ஜேசான்_என்கோட் அந்த ஓர் எழுத்துக்காக மொத்தத்தையும் நிராகரித்து ஃபால்ஸ் கொடுக்கும். அதை எக்கோ செய்தால் வெற்றுப் பக்கம். த்ரோ_ஆன்_எரர் என்ற கொடியை வைத்தால் பிழை வெளியே தெரியும், பிஎச்பி 7.3 முதல் உண்டு.

எம்பி_சப்ஸ்டர் போட்டால் ஜேசான் உடையாது, ஆனால் ‘மி’யில் ‘ம’வை மட்டும் வைத்துக்கொண்டு கொக்கியை விட்டுவிடலாம். ‘ழ்’ புள்ளி இழந்து ‘ழ’ ஆகலாம். தமிழுக்கு வேண்டியது கிராஃபீம்_சப்ஸ்டர், இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது. அது ‘தமிழ்’ என்பதை நாம் எண்ணுவது போலவே மூன்று என்று எண்ணும். ‘க்ஷ’ போன்றவற்றை மட்டும் இரண்டாகப் பார்க்கும். முன்னோட்டத்தைச் சொல் முடியும் இடைவெளியில் வெட்டினால் அந்தக் கவலையும் இல்லை.

‘ஸ்ரீ’ விஷயம் வேறு. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று எழுதினாலும் அந்த உரு வரும். 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த தாலவ்ய ஶ-வை முதலில் வைத்து எழுதினாலும் பல எழுத்துருக்களில் அதே உரு வரும். எந்தக் கீபோர்டு எதைப் போடுகிறது என்பதைப் பொறுத்தது. யூனிகோட் இவை இரண்டையும் ஒன்று என்று சொல்வதில்லை, ஆகவே சமமான வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைசர் இங்கே உதவாது. தேடலுக்கென்று தனியாக ஒரு ஃபீல்டு வைத்து, சேமிக்கும்போது ஒரு வடிவத்தை மற்றதாக மாற்றிப் போடுங்கள். தேடும் சொல்லுக்கும் அதே மாற்றத்தைச் செய்யுங்கள்.

‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றுக்கு நார்மலைசர் உதவும். ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். யூனிகோட் இவற்றைச் சமம் என்கிறது. குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றாகிவிடும். ஔகாரத்துக்கு ‘ள’ எழுத்தையே தட்டச்சு செய்தவர்களின் பதிவுகள் மட்டும் சேராது. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

—

காவிரிக்கரை எழுதியது:

சப்ஸ்டர்தான் இருந்தது. கிராஃபீம்_சப்ஸ்டர் போட்டு, இடைவெளியில் வெட்டும்படி மாற்றினேன். பொத்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. தேடலுக்குத் தனி ஃபீல்டு சேர்த்துவிட்டேன், எல்லா ‘ஸ்ரீ’யும் வருகின்றன. ‘கௌரி’ என்று தேடினால் இன்னும் சில விட்டுப்போகின்றன. ‘ள’ போட்டு எழுதிய பட்டியலை எடுத்து ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். ஸ்டிரிக்ட் மோடை இயக்கச் சொல்லி ஹோஸ்டிங்காரர்களுக்கு எழுதியாயிற்று. அவர்கள் செய்யும் வரை கனெக்‌ஷன் எடுத்ததும் எஸ்கியூஎல்_மோடை நிரலிலேயே அமைத்துக்கொள்கிறேன்.